நடப்பதற்குக் காரில் போகிற ஊர்

கோவை ரேஸ்கோர்ஸில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்று. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாதிரிச் சாலையாகச் சீரமைத்த அகலமான நடைபாதை. அங்கே நடக்க வருகிறவர்களில் பலர் காரில்தான் வருகிறார்கள். அதே ஆட்கள் வீடு திரும்பியதும், தெருமுனைக் கடையில் தயிர் வாங்கவும் வண்டியை எடுக்கிறார்கள்.

சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. கணபதியிலோ வடவள்ளியிலோ ஒரு குறுக்குத் தெருவில் நடந்து பார்த்தால் காரணம் தெரியும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். தெரு மட்டம் உயர்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் வாசலை உயர்த்துகிறார். வண்டி ஏற ராம்ப் தெருவுக்குள் நீள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவர் இன்னும் ஓரடி நீட்டுகிறார், கூடவே இரண்டு பூந்தொட்டி. நடக்கிறவருக்கு மிஞ்சுவது சாக்கடை சிலாப்தான், அதிலும் நாலில் ஒன்று உடைந்திருக்கும்.

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை. நல்ல நடைபாதை மக்களின் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் மாநகராட்சி ஜேசிபியைக் கொண்டுவந்தால் தெருவே சண்டைக்கு வரும். இடித்த இடத்தில் மறுபடி சிமெண்ட் ஏறும். இதற்குப் பேச்சுதான் வழி. "அண்ணா, ராம்ப்பக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கலாமுங்களா? நாங்களும் எங்களுத இழுத்துக்கறமுங்க" என்று முதல் வீட்டுக்காரர் கேட்டுவிட்டால், பத்தாவது வீட்டுக்காரர் முரண்டு பிடிப்பது கஷ்டம்.

இளநீர் வண்டிக்காரரை விரட்டுவதில் மட்டும் தெரு உடனே ஒன்றுகூடிவிடும். அது தப்பான இடத்தில் தொடங்குவது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கே குறைந்தது 40 சதவீத இடம் உண்டு. இளநீர்க்காரருக்கு இடம் ஒதுக்குவதை அங்கே பேசலாம். இரவு எட்டரைக்கு டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு, ஆள் நடமாட்டமுள்ள அந்த வண்டியோரம் ஒரு தைரியம்.

தெரு ஒத்துப்போனபின் போக வேண்டிய இடம், குடியிருப்போர் கூடிப் பேசும் பகுதி சபை. கோவையின் 100 வார்டுகளுக்கும் அது பொருந்தும். கேட்பதும் புதிதாக எதையும் அல்ல: பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் மேல்தளம் போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதமே உத்தரவிட்டிருக்கிறார். அடுத்த தார் லாரி தெருவுக்குள் வரும்முன் அந்த உத்தரவின் நகலைக் கவுன்சிலர் கையில் கொடுத்துவிட்டால் ஆயிற்று.