மலர் உதிர்ந்த பின்

குளிர்நாடுகளில் பனி உருகத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் முதன்முதலாகத் தலைகாட்டும் மலர்களுள் குட்டை ஐரிசும் ஒன்று. ஒரு சாண் உயரமும் எட்டாத அதன் நீல மலரைக் காண்பதற்காகவே, கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள இல்லறத்தார் முந்திய இலையுதிர் காலத்தில் மண்ணைத் தோண்டி, சிறு வெங்காயம் போன்ற அதன் கிழங்கைப் புதைத்து வைக்கின்றனர். உணவுக்கன்று, மருந்துக்குமன்று. கிழங்கு வகைகளை அனந்தகாயம் என விலக்கி வாழும் நம்மவர்க்கு இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. கண்ணின் இன்பத்திற்காக ஓரறிவுயிரை நட்டு வளர்த்தல் அனர்த்த தண்டம் ஆகாதா?

பயனின்றி மண்ணைத் தோண்டுதலையும் செடிகொடிகளை வெட்டுதலையும் ஆசாரியர் சமந்தபத்திரர் இக்குற்றத்துள் அடக்கியுள்ளார். துறவியர்க்கு இதில் ஐயமே இல்லை. இல்லறத்தார் செய்தியோ சற்று நின்று நோக்கத்தக்கது.

இச்செடியின் தாயகம் துருக்கி, ஈரான், காகசசு மலைப்பகுதிகளாகும். கடுங்குளிரும் வறண்ட கோடையும் அங்கு இயல்பு. எனவே குளிர் இதற்குப் பகையன்று. பல வாரக் குளிரை உணர்ந்தாலன்றி இது செவ்வனே பூப்பதில்லை. இதனை அழிப்பது தேங்கும் ஈரமே. ஆதலின் நீர் வடியும் மண்ணில், வெயில் படும் இடத்தில், ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில் நடுகின்றனர். அதன்பின் காத்திருப்பதன்றி வேலை அதிகமில்லை. (நம்மில் பலர்க்கு அதுவே அரிய வேலை!) இயல்பறிந்து இவ்வாறு நடுதலை நாம் குற்றமென்று கூறமாட்டோம்.

குற்றம் மலர் உதிர்ந்த பின்னரே தொடங்குகிறது. பூக்கும்போது குறுகியிருந்த இலைகள் அதன்பின் ஓரடிக்கும் மேலாக நீண்டு, சாய்ந்து, காண்பதற்கு ஒழுங்கற்றுக் கிடக்கும். பூத்ததனால் செலவான உணவை, அவ்விலைகள் பழுத்துக் காயும்வரை கிழங்கு மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. தோட்டம் துப்புரவாகத் தோன்றவேண்டுமென்று பச்சை இலையை அறுப்பவர், மறு ஆண்டின் மலரையும் சேர்த்தே அறுக்கின்றார். இன்னும் கொடியது கடைத்தொட்டிகளின் நிலை. குளிரறையில் வைத்து முன்கூட்டியே பூக்கச் செய்த செடி, வெப்பமான கூடத்து மேசையில் சில நாள்கள் மலர்ந்திருந்து, பின் உயிருடனேயே குப்பைக்குப் போகிறது. “விலை கொடுத்து வாங்கியது தானே?” என்பர். விலை கடைக்காரருக்குச் சேர்ந்தது. செடிக்கு என்ன சேர்ந்தது?

டான்போர்டியே எனும் மஞ்சள் வகையில் இச்சோதனை இன்னும் கடுமையானது. ஒருமுறை பூத்தபின் அதன் கிழங்கு பெரும்பாலும் பல சிறு கிழங்குகளாகச் சிதறிவிடும். அவை மீண்டும் பூக்குமளவு பருக்கச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே பலர் ஆண்டுதோறும் பழையதைத் தோண்டி எறிந்து புதிது வாங்குகின்றனர். வேறு சிலர் சற்று ஆழமாக நட்டு, சிறிது உரமிட்டு, பூவில்லாத புல்போன்ற இலைகளை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டு வைக்கின்றனர். நம் விரதங்களின் பெயரை அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.