தோல் பதனிடுபவர் வீட்டில் பேதுரு



இன்று வாசித்த லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு விருந்துக்குப் போகிறார். பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீடு. வந்தவர்கள் முதன்மையான இடங்களாகப் பார்த்துப் பிடித்து உட்காருகிறார்கள். அவர் அதைக் கவனித்துவிட்டுத்தான் பேசுகிறார். கடைசி இடத்தில் போய் உட்காருங்கள் என்று அவர் சொன்னது யாரிடம்? முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களிடம். வாசலுக்கு வெளியே நின்றவர்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அவர்களை உள்ளே கூப்பிடச் சொல்லி, விருந்து வைத்தவரிடம் கேட்டார். ஏழைகளையும் பார்வையற்றோரையும் நடக்க முடியாதவர்களையும் அழையுங்கள், அவர்களால் உங்களுக்குத் திருப்பிச் செய்ய முடியாது என்றார். ஒரே பந்தியில், உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சொல். வெளியே நிற்பவர்களுக்காக இன்னொரு சொல்.

இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழ்ச்சியைப் பற்றிய மறையுரை நம் நாட்டில் நெடுங்காலமாகத் தவறான ஆளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்டவரிடம் போய், "தாழ்ச்சியாக இரு" என்று சொல்லியிருக்கிறோம். பேசாமல் இருப்பதையும் பொறுத்துக்கொள்வதையும் புண்ணியம் என்று அவருக்குக் கற்பித்திருக்கிறோம். முன்னால் உட்கார்ந்தவரிடம் அதே சொல்லைச் சொல்லும்போது மட்டும் நம் குரல் தணிந்துவிட்டது. எனவே இங்கே உள்ளவர்களில், வாழ்நாள் முழுவதும் பிறரால் தாழ்த்தப்பட்ட யாரும் இன்றைய மறையுரையைத் தனக்கு விழும் அடியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு ஆண்டவர் வைத்திருப்பது மேலே வாருங்கள் என்ற அழைப்பு. அதுவும் இதே நற்செய்தியில்தான் இருக்கிறது.

மற்றவர்களுக்காக, நான் உட்பட, பேதுருவின் கதைக்குப் போவோம்.

திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போகிறோம். பேதுரு யோப்பா நகரில் தபித்தா என்ற பெண்ணை உயிரோடு எழுப்பியிருக்கிறார். செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பலர் ஆண்டவர்மேல் நம்பிக்கை கொள்கிறார்கள். அந்த நேரத்தில் யோப்பாவில் எந்தப் பெரிய வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாலும் பேதுருவுக்குத் திறந்திருக்கும். அவரோ தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கினார். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடவில்லை. பல நாள் இருந்தார்.

திண்டுக்கல்லில் இருக்கிற நமக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை எழுதித் தர யாரும் வேண்டியதில்லை. 'தோல் ஷாப்' என்று சொன்னாலே பெரியவர்கள் மூக்கில் அந்த வாசம் ஏறும். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல், முடி கழலச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறல், கத்தியால் சதையைச் சுரண்டுதல், ஆவாரம் பட்டை, கடுக்காய். சுண்ணாம்பில் வெந்த கையும் காலும். குளித்தாலும் போகாத வாடை. இந்த ஊரின் பணத்தில் ஒரு பெரும்பங்கு அந்தத் தொட்டிகளிலிருந்து வந்தது. தொட்டிக்குள் இறங்கி நின்றவரை மட்டும் ஊர் தள்ளி வைத்தது. நம் ஊரில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பெண் கேட்டு வந்த வீட்டில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்கும்போது, தோல் ஷாப் என்று சொல்லத் தயங்கி 'கம்பெனி வேலை' என்று மழுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர்!

யூதர்களிடமும் இப்படித்தான் இருந்தது. செத்த விலங்கைத் தொடுகிற தொழில் என்பதால் தீட்டு. தோல் பதனிடும் இடம் ஊருக்கு வெளியே ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று அவர்களுடைய மிஷ்னா சட்டத் தொகுப்பு விதித்தது. கணவன் அந்தத் தொழில் செய்கிறான் என்றால், மனைவி மணவிலக்குக் கேட்கலாம் என்றும் அதே தொகுப்பு அனுமதித்தது. அப்படி ஒரு வீட்டில், கடலோரமாக, திருச்சபையின் தலைவர் பாய் விரித்துப் படுக்கிறார். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், அந்தச் சட்டியில் வெந்ததைச் சாப்பிடுகிறார்.

அந்த வீட்டு மாடியில்தான் அவருக்குக் காட்சி கிடைக்கிறது. நடுப்பகல், நல்ல பசி. வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்குகிறது. அதில் யூதர்கள் உண்ணத் தகாது என்று ஒதுக்கிய உயிரினங்களும் இருக்கின்றன. சாப்பிடு என்று குரல் வருகிறது. மாட்டேன் என்கிறார் பேதுரு. தீட்டானது எதையும் நான் உண்டதே கிடையாது என்று பெருமையோடு மறுக்கிறார். மூன்று முறை இது நடக்கிறது. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

இங்கே சற்று நிற்போம். தோல் பதனிடுபவர் வீட்டில் தங்கும் அளவுக்கு மனம் விரிந்தவரிடமும் இன்னும் ஒரு 'நான்' மிச்சமிருந்தது. என் நாக்கு தூய்மையானது, என் இனம் தூய்மையானது. செருக்கு எப்போதும் ஆணவக் குரலில் பேசுவதில்லை. பக்தியின் குரலிலும் பேசும், ஒழுக்கத்தின் குரலிலும் பேசும், குடும்ப மானம் என்ற பெயரிலும் பேசும். தனிப்பட்ட முறையில் மிகவும் அடக்கமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார்கள். கோவிலில் கடைசி வரிசையில் முழந்தாளிட்டுச் செபிப்பார்கள். பிள்ளையின் கல்யாணப் பேச்சு எடுத்தால் போதும், அந்த அடக்கம் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். தனக்கென்று பெருமையே இல்லாத மனிதர், தன் பெருமை முழுவதையும் சாதியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் அது வருவதே இல்லை. கோபம் வருகிறது, பொய் வருகிறது, பூசைக்கு வராதது வருகிறது. சக விசுவாசியைப் பிறப்பை வைத்து எடைபோட்டேன் என்று வருவதில்லை.

நம் ஆயர்கள் இதைப் பாவம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை சாதிப் பாகுபாட்டைப் பெரும் பாவமாகவே பார்க்கிறது. அதற்கு முன்பே, திருச்சியிலிருந்து பிரிந்து நம் திண்டுக்கல் மறைமாவட்டம் பிறந்த அதே 2003 நவம்பர் மாதத்தில், உரோமைக்குப் போயிருந்த தமிழக ஆயர்களிடம் புனித இரண்டாம் யோவான் பவுல் இதைப் பற்றிப் பேசினார். தாழ்த்தப்பட்டவர்களை எந்த வகையிலும் ஒதுக்கி வைக்கக் கூடாது, சாதி மனப்பான்மை திருச்சபையின் பணிக்கே தடை என்றார். நம் மறைமாவட்டத்தின் தொட்டிலருகே சொல்லப்பட்ட வார்த்தை என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10 அன்று, 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதியினரின் உரிமையை மறுத்ததை எதிர்த்துக் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். அரசிடம் நாம் கேட்கும் நீதி நியாயமானது. நம் கல்லறைத் தோட்டத்துக்கும் தேர் போகும் தெருவுக்கும் அதே நீதி பொருந்த வேண்டும்.

பேதுருவிடம் திரும்புவோம். செசரியாவில் இருந்த நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் சீமோன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்க வைக்கிறார். மறுநாள் அவர்களோடு புறப்பட்டுப் போகிறார். அங்கே உரோமைப் படை அதிகாரி அவர் காலில் விழுகிறார். பேதுரு அவரைத் தூக்கி நிறுத்தி, நானும் மனிதன்தான் என்கிறார். குருக்களாகிய நாங்கள் தினமும் நினைத்துப் பார்க்க வேண்டிய காட்சி இது. எங்கள் அங்கிக்குக் கிடைக்கும் மரியாதையை எங்களுக்கே கிடைத்ததாக நினைத்துக்கொள்வது மிகச் சுலபம்.

இத்தோடு முடிந்திருந்தால் பேதுருவின் கதை மனம் மாறிய ஒருவரின் இனிய கதையாக இருந்திருக்கும். விவிலியம் அப்படி விடவில்லை. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். கொள்கை மாறிவிட்டதா? இல்லை. பயம். நம்மவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை வரை, வத்தலக்குண்டு வரை, இந்தச் சமவெளியில் எத்தனை நல்ல மனங்களை இந்த ஒரு கேள்வி முடக்கிப் போட்டிருக்கிறது! "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் இல்ல சாமி, சொந்தக்காரங்க ஏத்துக்கமாட்டாங்க." இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. பேதுருவும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராக அவரைக் கண்டித்தார். அது நற்செய்தியின் உண்மைக்கு ஏற்ற நடத்தை அல்ல என்றார்.

அதற்குப் பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஆனால் பேதுருவின் பெயரால் நமக்குக் கிடைத்துள்ள இரண்டாம் திருமுகத்தின் கடைசிப் பகுதியில் பவுலின் பெயர் வருகிறது. அன்புக்குரிய சகோதரர் என்று. ஊரறியத் தன்னைத் திருத்தியவரை, அந்த நிகழ்ச்சி எழுத்தில் நிலைத்துவிட்ட பிறகும், சகோதரர் என்று அழைக்கும் குரலைத் திருச்சபை தன் நினைவில் வைத்திருக்கிறது. தாழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் விவிலியத்தில் கண்டதில்லை, ஆண்டவருடைய சிலுவையைத் தவிர. "நான் ஒண்ணுமில்லீங்க" என்று நாமே சொல்லிக்கொள்வது எளிது. அதையே இன்னொருவர் நம் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது தாங்கிக்கொள்கிறோமா என்பதில்தான் நம் தாழ்ச்சி தெரியும்.

நம் மண்ணில் அருளானந்தர் இருக்கிறார். லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். அக்காலத்தில் உயர்சாதியினருக்குப் பிராமண சந்நியாசி கோலத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமி என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினையின் தழும்பு இன்றும் நம் உடலில் இருக்கிறது. அருளானந்தர் அதில் எளியவர்கள் அணுகக்கூடிய கோலத்தை ஏற்றார். இடையில் போர்ச்சுகல் திரும்பியபோது, அரசராகிவிட்ட பழைய தோழர், தன் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே இருக்கும்படி கேட்டார். அவர் இருக்கவில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார்.

நம் காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ். 2013-ல் திருத்தந்தையான இரண்டே வாரத்தில், பெரிய வியாழன் அன்று இளங்குற்றவாளிகளின் சிறைக்குப் போய் அவர்கள் காலைக் கழுவினார். அவர்களில் பெண்கள் இருந்தார்கள், இஸ்லாமியர் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் இறந்தபோது, தன் கல்லறையில் இலத்தீன் மொழியில் தன் பெயர் மட்டும் போதும் என்று எழுதி வைத்திருந்தார். பட்டம் இல்லை, பதவி இல்லை. நம் கோவில் மின்விசிறியில் மூன்று தலைமுறைப் பெயரோடு 'உபயம்' எழுதச் சொல்லும்போது அந்தக் கல்லறையை நினைத்துக்கொள்ளுங்கள். இனி இந்தக் கோவிலுக்குக் காணிக்கையாகத் தரும் பொருளில் பெயர் எழுத வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருவிழா பிளக்ஸில் அருள்பணியாளர் படமும் வேண்டாம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பங்கில் நீங்கள் இதுவரை உள்ளே போய் உட்காராத வீடு ஒன்று இருக்கும். எந்த வீடு, ஏன் போகவில்லை என்பது உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும். அங்கே போங்கள். அரிசி மூட்டையோடு போகாதீர்கள். உதவி செய்யப் போகிறவர் மேலேயே நிற்கிறார். விருந்தாளியாகப் போங்கள். அவர்கள் தரும் தம்ளரில் அவர்கள் தரும் தண்ணீரைக் குடியுங்கள், சோறு போட்டால் சாப்பிடுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட வேண்டாம். பிறகு அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், திண்ணைக்கு அல்ல, உங்கள் பிள்ளைகள் சாப்பிடும் இடத்துக்கு. யாராவது பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால், அந்தியோக்கியாவில் பேதுரு எழுந்துபோனதை நினைத்துக்கொண்டு நீங்கள் எழுந்திருக்காமல் இருங்கள்.

நம்பிக்கை அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.