தப்பியவரின் ஸ்தோத்திரம்

ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளின் பட்டியல் வாசிக்கப்படும். பிறந்தநாள், திருமண நாள், புது வீடு, மகனுக்குக் கிடைத்த வேலை. நடுவில் ஒரு குடும்பம், சாலை விபத்திலிருந்து உயிரோடு காத்ததற்காக என்று எழுதிக் கொடுத்திருக்கும். சபையார் ஆமென் சொல்வார்கள். அப்படியொரு விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அவர்களைக் கடவுள் காத்தார் என்றால், என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கடவுளுக்கு நன்றி சொல்வது கிறிஸ்தவருக்குக் கடமை. அதில் வழக்கே இல்லை. ஒருவருடைய நன்றி இன்னொருவருடைய காயத்தில் கைவைக்கும்போதும் அது அறமாக நிற்குமா என்பதுதான் கேள்வி.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களையும் கடைக்காரர்களையும் அலை கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மண்டியிட்டு நன்றி சொல்லாமல் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால், திருப்பலியில் இருந்ததால் பிழைத்தோம் என்று ஒருவர் சொன்ன கணமே, மணலில் நின்றவர்கள்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தான். முந்தைய திருப்பலியை முடித்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

பிழைத்ததற்கு நன்றி சொல்வது ஒன்று. பிழைத்ததற்குக் காரணம் சொல்வது இன்னொன்று. சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எவரையும்விடப் பெரிய பாவிகளல்ல என்று இயேசு தெளிவாகச் சொன்னார் (லூக்கா 13). செத்தவர்களின் பாவத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்றால், தப்பியவர்களின் ஜெபத்தையும் விசுவாசத்தையும் மட்டும் கணக்கெடுப்பது எப்படி நியாயமாகும்? அதே நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் நின்ற பரிசேயனும் நன்றிதான் சொல்கிறான். பக்கத்தில் நிற்பவனைப் போல் தான் இல்லை என்பதற்காகச் சொன்ன நன்றி அது. அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை.

இந்தக் கூச்சத்தாலேயே வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது மேல் என்று மென்மையான மனம் படைத்தவர்கள் நினைப்பதுண்டு. அந்த மென்மைக்கு மதிப்புண்டு. ஆனாலும் அந்த முடிவு சரியல்ல. இயேசு குணமாக்கிய குஷ்டரோகிகளில் திரும்பி வராத ஒன்பது பேரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆசாரியரிடம் காட்டச் சொன்னார், போனார்கள். கொடுத்தவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் கிடைத்ததோடு போய்விட்டதுதான் குறை. நன்றி சொல்லப் பழகாத மனம் நாளடைவில் எல்லாவற்றையும் தன் உரிமையாக எண்ணத் தொடங்கும். வயிறு நிறைந்து, வீடு கட்டி, ஆடுமாடு பெருகியபின் இதெல்லாம் என் கைத்திறமை என்று மனிதன் நினைப்பான் என்பதே உபாகமம் 8ஆம் அதிகாரத்தின் அச்சம்.

இதைவிடப் பெரிய தவறு துக்க வீட்டில் நடக்கிறது. பிணம் இன்னும் எடுக்கப்படவில்லை. "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்று ஒருவர் அந்தத் தாயிடம் சொல்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனாலும் அது கொடுமை. யோபு எல்லாவற்றையும் இழந்தபோது கடவுளை வாழ்த்தியதைப் பிரசங்கங்கள் மறப்பதில்லை. மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிப்பதும், பிறகு கடவுளோடு வழக்காடுவதும் பேசப்படுவது குறைவு. முடிவில் கடவுள், யோபு பேசியதே சரி என்கிறார். பக்தியாகப் புத்தி சொன்ன நண்பர்கள்மேல் கோபப்படுகிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அவன் சகோதரி மரியாளை ஸ்தோத்திரம் பண்ணச் சொல்லவில்லை, அழுதார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் மகிழ்வேன் என்பதை ஆபகூக் தன்னைப் பற்றிச் சொல்லலாம். அடுத்தவனுக்கு அதைக் கட்டளையாக இட முடியாது.

அப்படியானால் தப்பியவரின் நன்றி எங்கே போய்ச் சேர வேண்டும்? திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் அறுப்பின் பண்டிகையில் இதற்கு ஒரு தடம் கிடைக்கும். வாழைத்தார், பூசணி, கால் கட்டிய சேவல், முதல் ஈற்று முட்டை என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தை விலையைப்போல் பல மடங்குக்கு ஒரு தேங்காய் போகும். அதில் யார் பெரிய கை என்ற போட்டி புகுந்துவிடுவது வருத்தமான விஷயம். அசனப் பந்தி அதைக் கொஞ்சம் சரிக்கட்டுகிறது. ஏலம் எடுத்தவரும் எடுக்க வழியில்லாதவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிடுகிறார்கள். உலையில் போடுவதற்கு முன் கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் இன்னும் ஒருபடி மேல்; அதற்கு ஏலமும் இல்லை, பெயர் வாசிப்பும் இல்லை.

முதற்பலன் கூடையைச் சுமந்து வருகிறவன் என்ன சொல்ல வேண்டும் என்று உபாகமம் 26 வகுத்திருக்கிறது. தன் உழைப்பையோ பக்தியையோ அவன் சொல்வதில்லை. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தன் முன்னோரைச் சொல்கிறான். பிறகு லேவியனோடும் தன் நடுவே தங்கியிருக்கும் பரதேசியோடும் சேர்ந்து மகிழ வேண்டும். மூன்றாம் வருஷத்தில் இன்னும் கண்டிப்பு: பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரிய பங்கை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்று கடவுளுக்கு முன்பாக அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் தன் ஜனத்துக்கும் கடவுள் தந்த நிலத்துக்கும் ஆசீர்வாதம் கேட்கிறான்.