பற்றி விடுத்தல் அருளாமோ?

திருவள்ளுவனார் இன்னாசெய்யாமை, கொல்லாமை என்னும் இரண்டனையும் ஓரதிகாரத்துள் அடக்காது, தனித்தனி அதிகாரங்களாக வகுத்தோதினார். ஓருயிரைக் கொல்லாது விட்டான் என்னும் துணையானே ஒருவன் அவ்வுயிர்க்கு இன்னா செய்திலன் என்று துணிதல் ஆகாது என்பது அவ்வகுப்பாற் பெறப்படும். இவ்வேற்றுமை தெளிவாதற்பொருட்டு, மேனாடுகளிற் பெருகிவரும் கடல்விளையாட்டொன்றை ஈண்டு எடுத்து ஆராய்வாம்.

கயாக் என்பது ஒருவர் அமர்ந்து, இருதலைத் துடுப்பாற் செலுத்தும் சிறு தோணி. வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயித், அலூத் முதலிய மக்கள் மரத்தானும் எலும்பானும் சட்டம் அமைத்து, சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்து, அதனைச் செய்துகொண்டனர். அவர் வேட்டை உணவின்பொருட்டாயது. இக்காலத்திலோ நெகிழியால் வார்த்த கயாக்கில் ஏறி ஹவாய், புளோரிடா, பனாமா முதலிய இடங்களிற் கடலுட் சென்று, மார்லின், மயில்மீன், சூரை, டார்ப்பன் போன்ற பெருமீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பார் பலர். முள் தைத்த மீன் வெருண்டு ஓடுங்கால் தோணியையும் ஆளையும் உடன் இழுத்துச் செல்லும். அது வலியிழந்து ஓய்ந்தபின், தோணியின் அருகிற் பற்றி, முள்ளைக் களைந்து, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் கடலில் விட்டுவிடுவர். உண்டற்கு அன்று, விற்றற்கும் அன்று. பற்றுதலும் விடுத்தலுமே அதன் பயன்.

இதனை முற்றும் இகழ்தல் நடுவுநிலை ஆகாது. பெரு நாட்டுக் காபோ பிளாங்கோவில் 1953-ஆம் ஆண்டிற் பிடிபட்ட கருமார்லின் 1,560 இராத்தல் நிறையுடையதாயிருந்தது. அத்தகைய மீன்களைக் கொன்று, கரையிற் றூக்கி நிறுத்து, பெருமை கொண்டாடுதலே அந்நாள் வழக்கம். இந்நாளில் அவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள் மீனின் குடலிற் றையாது வாயின் மூலையிலே பற்றுதலின், அதனைக் கையாள்வார் பலராயினர். விடப்படும் மீன்களுக்கு அடையாளம் இட்டு, அவை செல்லும் வழிகளை அறியும் முயற்சி அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. கொலையின்மேற் சென்ற மனம் அதனின்று மீளுதல் நன்றேயாம்.

ஆயின் அம்மீட்சி அருளாமோ என்பதே வினா. மீனுக்கு நோவுணர்ச்சி இல்லை. ஆதலின் இன்னாமை என்பதற்கே ஈண்டு இடமில்லையெனின், அது துணிதற்கரிது. 2003-ஆம் ஆண்டில் ஸ்நெட்டன் என்னும் அம்மையாரும் அவருடன் ஆய்ந்தோரும், வானவில் டிரௌட் என்னும் மீனின் தலையில் ஊறு உணரும் நரம்புமுனைகள் உண்மையைக் காட்டினர். தேனீயின் நஞ்சையோ புளிக்காடியின் அமிலத்தையோ உதட்டில் ஏற்ற, அவை உணவை வெறுத்து நின்றன; அமிலம் ஏற்றவை உதட்டைப் பரலில் உராய்ந்தன. மூளையின் மேற்புறணி மீனுக்கு இன்மையால் அது நோவென்று உணராது என மறுப்பாரும் உளர். வழக்கு முடிந்திலது. ஐயம் நிகழுமிடத்து, விளையாட்டின்பொருட்டு ஐயத்தின் சுமையைப் பிறிதோருயிரின்மேல் ஏற்றுதல் முறையன்று. உணர்வு எவ்வாறாயினும், உடல் படும் பாடு வெளிப்படை. நெடும்பொழுது போராடிய மீனின் தசையிற் புளிப்புப்பொருள் மிகும். சூரையும் மார்லினும் வாய்திறந்து நீந்துங்கால் செவுளின்வழி நீர் பாய்தலானே உயிர்ப்பன. ஓய்ந்து நின்றவிடத்து அவற்றிற்கு மூச்சு முட்டும். விடப்பட்டவற்றுட் சில பின்னர் இறத்தலும், சில சுறாவிற்கு இரையாதலும் உண்டு.

இயந்திரப் படகின்றிச் சிறுதோணியிற் செல்வோன் தன்னுயிரையும் இடருட்படுத்துகின்றான். ஆதலின் இது ஒத்த போராம் எனின், அற்றன்று. அவ்விடரை அவன் தானே விரும்பி ஏற்றான், மீன் ஏற்றிலது. அவன் வேண்டும்பொழுது கயிற்றை அறுத்து மீளலாம். மீனுக்கு அவ்வுரிமை இல்லை. ஒருவனே விரும்பித் தொடங்கிய போர் ஒத்த போர் ஆதல் யாங்ஙனம்?

இவ்வினாவிற்கு நாடுகளின் சட்டங்களே மாறுபட்ட விடை கூறுதல் வியப்பிற்குரியது. புளோரிடாவில் 2013-ஆம் ஆண்டு முதல் டார்ப்பன் மீனைப் பிடித்தோர் விட்டுவிடல் வேண்டும். பெருமீனாயின் நீரினின்று வெளியே தூக்குதலும் கூடாது. சுவிட்சர்லாந்திலோ, விடும் கருத்தோடே மீன் பிடித்தல் 2009-ஆம் ஆண்டு முதல் தடுக்கப்பட்டது. செருமனியின் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் தக்க காரணமின்றி விலங்கிற்கு நோவு செய்தலை விலக்குகின்றது. உணவு காரணமாகக் கொள்ளப்படுதல்போல வெறும் விளையாட்டு ஆங்குக் காரணமாகக் கொள்ளப்படுவதன்று. ஒன்று மீனினம் குன்றாமையை நோக்கிற்று; மற்றையது தனியொரு மீனின் துன்பத்தை நோக்கிற்று. இனத்தைக் காத்தல் நன்று. எனினும் நோவது இனமன்று. முள் தைத்த அவ்வோருயிரே என்பதனை மறத்தலாகாது.

பற்றியதை விடுத்தார் ஒருவர் நம் திருத்தொண்டர் வரலாற்றிலும் உளர். நாகையின் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையிற் பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார். பன்னாள் ஒரு மீனே கிடைத்துச் சுற்றம் பசித்திருந்த ஞான்றும் அதனை விட்டார்; பொன்மீன் கிடைத்த ஞான்றும் விட்டார். அவர் மீன்பிடித்தது பிழைப்பு, விடுத்தது ஈகை. தமக்கு இன்றியமையாததனை அவர் விட்டார். விளையாட்டாளனோ தனக்கு வேண்டாததனையே விடுகின்றான்; அவன் வேண்டிய இன்பம் மீன் ஓய்ந்தபொழுதே முற்றிவிட்டது. செயல் ஒன்றுபோற் றோன்றினும், விட்டது யாது என்று நோக்குவார்க்கு இரண்டும் வேறாதல் புலனாம்.

ஆதலின், கொன்று பெருமை கொள்ளுதலினும் பற்றி விடுத்தல் தீமை குறைந்தது என்று மட்டுமே கூறலாம். அதனை அருள் என்றல் பொருந்தாது. தான் செய்த புண்ணுக்குத் தானே மருந்திடுவோன் மருந்திடாதானினும் நல்லன். ஆயினும் அம்மருந்திற்காகப் புகழ் வேண்டுதல் அவனுக்குத் தகாது. கடலின் பெருமையையும் பெருமீனின் ஆற்றலையும் காண விழைவார், கயாக்கிற் சென்று தூண்டிலின்றியும் காணலாமன்றோ? அங்ஙனம் கண்டு மீள்வார்க்கு விடவேண்டுவது யாதும் இல்லை. அன்பர்கள் இதனை ஆய்ந்துணர்வாராக.