சட்டி ஆறும் வரை

பணிப்பெண் சட்டியை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் அந்தச் சாற்றின் நிறம் என் கண்ணில் பட்டது. முதலில் கொண்டுவந்து வைத்தபோது வெறும் தண்ணீராகத் தெரிந்தது. இப்போது இளந்தேன் நிறத்துக்கு வந்திருந்தது. நண்டின் இனிப்பு, கோஸின் சாறு, காளானின் மணம், வெங்காயத்தாளின் காரம் எல்லாம் அதில் இறங்கியிருந்தன. அது குடிக்கத் தகுந்ததாக ஆன நிமிடத்தில் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. அவள் குனிந்து வணங்கி, அடுப்பை அணைத்து, இரண்டு கைகளாலும் சட்டியை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள்.

டோக்கியோவில் ஒரு ஜனவரி இரவு அது. மகன் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷி-கசாய் பகுதியில்தான் அவன் வீடு. துவரம்பருப்பும் புளியும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும். மூன்று வாரம் அவனோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று போயிருந்தேன். அதில் இரண்டு வாரம், அவன் அலுவலகம் போவதையும் வருவதையும் பார்ப்பதிலேயே கழிந்தது. அந்தக் குறை அவனுக்கும் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில், "சாயந்திரம் வெளியே சாப்பிடுவோம்ப்பா, பெரிய கடை, நண்டு நாபே" என்றான்.

நாபே என்றால் ஜப்பானிய மொழியில் சட்டி. சட்டியின் பெயரே அதில் வேகும் உணவுக்கும் ஆகிவிட்டது. குளிர்காலம் வந்தால் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசை நடுவே ஒரு சிறிய அடுப்பும் அதன்மேல் ஒரு சட்டியும் ஏறும். மெல்லிய இறைச்சித் துண்டைக் கொதிநீரில் அலசித் தின்பது ஷாபு-ஷாபு. அலசும் ஓசையே பெயர். சோயாவும் சர்க்கரையும் சேர்த்து மாட்டிறைச்சியை வேகவைப்பது சுகியாகி. சுமோ மல்லர்கள் பயிற்சி முடிந்ததும் கூடி உண்பது சாங்கோ. எதுவானாலும் ஒரே சட்டி, அதைச் சுற்றி எல்லோரும். அவர்கள் பேச்சில் 'நாபேயைச் சூழ்வது' என்றே ஒரு வழக்கு உண்டு.

எந்தச் சட்டியைச் சுற்றியும் ஒருவர் தாமாகவே பொறுப்பு எடுத்துக்கொள்வார். முதலில் எது போக வேண்டும், எது வெந்தது, எதை யார் தட்டில் எடுத்து வைப்பது எல்லாம் அவர் பார்வையில் நடக்கும். பழைய காலத்து அதிகாரியின் பதவிப் பெயரைச் சேர்த்து அவரை 'நாபே புக்யோ' என்பார்கள். நுரை கட்டும்போது சின்ன கரண்டியால் அதை ஒதுக்கி எடுப்பதும் ஒருவர் வேலை. சட்டிக்கு ஒரு கண் எப்போதும் தேவை. எங்கள் சட்டிக்கு அந்தக் கண் இல்லை. இதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போதே இருபது நிமிடம் தாமதம். மேசை ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்பது அந்தக் கடையின் விதி; முன்பதிவு செய்த நேரத்திலிருந்து கணக்கு ஓடும். சட்டித் தண்ணீரில் கொம்பு என்னும் கடற்பாசித் துண்டு ஒன்று மிதந்தது. நண்டுக் கால்களை ஓட்டை அரைப்பங்கு சீவி, தட்டில் விசிறிபோல் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விரலால் தொட்டேன். நடுவில் இன்னும் பனி உருகியிருக்கவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். அமாவாசை நண்டுக்குச் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் கூடு என்று கேட்டு வளர்ந்தவன். கூடைக்காரம்மா வாசலில் இறக்கியதும் அம்மா நண்டைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பாள். அந்தக் கணக்கெல்லாம் அங்கே செல்லவில்லை. அவசரமாகப் பனி நீக்கிய நண்டு தன் ருசியைத் தண்ணீராக ஒழுகவிட்டுவிடும்; மிச்சம் உப்பும் நாரும்தான். முதல் கால் அப்படித்தான் இருந்தது. இரண்டாவதைச் சட்டியில் போட்டபோது மகனுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எழுந்து வெளியே போனான். எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கொதிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டிய கொம்பும் உள்ளேயே கிடந்து வழவழத்தது. அவன் திரும்பி வரும்போது நண்டு நூல் நூலாகப் பிரிந்திருந்தது. மறுபடி அழைப்பு. மறுபடி வெளியே போனான்.

நாபேயின் கடைசிக் கட்டத்துக்கு 'ஷிமே' என்று பெயர். நமக்கு எளிதில் பிடிபடுகிற சொல் அது. நம் மொழியில் முடிதல் என்றால் கட்டுவதும் ஆகும், நிறைவுறுவதும் ஆகும். கூந்தலை முடிகிறோம், காரியத்தையும் முடிக்கிறோம். ஷிமேயிலும் அந்த இரண்டு பொருளும் உண்டு. எல்லாம் தின்று தீர்ந்தபின் சட்டியில் மிஞ்சிய சாற்றில் சோறு போட்டு, முட்டையை அடித்து ஊற்றி, ஒரு நிமிடம் மூடி வைத்து எடுப்பார்கள். அதுவரை வெந்த ஒவ்வொன்றும் விட்டுச் சென்ற ருசி அந்தக் கஞ்சியில் இருக்கும். நண்டு நாபே தின்னப் போவதே இதற்காகத்தான் என்று சொல்பவர்கள் அங்கே பலர். மகன் அதைக் கேட்டபோது கடைசி ஆர்டருக்கான நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். பணிவோடுதான் சொன்னார்கள். சட்டி போய்விட்டது.

ஆளுக்கு 12,000 யென். அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், வரி பத்து சதவீதம். இருவருக்கும் சேர்த்து 29,040 யென், நம் கணக்கில் ஏறக்குறைய பதினாறாயிரம் ரூபாய். அந்தத் தொகைக்கு அந்த உணவு தகாது. நண்டுக்கு விலை கொடுப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். ஜப்பான் கடலோர ஊர்களில் நவம்பரில் நண்டுப் பருவம் திறக்கிறது. எந்தத் துறைமுகத்து நண்டு என்று காலில் சீட்டுக் கட்டி விற்கிறார்கள். குளிர்கடலில் போய்ப் பிடித்து வருபவரின் உழைப்புக்கு அந்த விலை தகும். பனிக்கட்டி உருகாத நண்டுக்கும், வழவழத்த சாற்றுக்கும், கடிகாரத்துக்கும் அந்த விலை வாங்குவது நியாயமில்லை.

வெளியே வந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

"நல்லா இருந்துச்சாப்பா?" என்றான்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன்.

மகன் அப்பாவையும் அப்பா மகனையும் ஒரே 'ப்பா'வால் அழைத்துக்கொள்ள முடிகிற மொழி நமது. அந்த ஒற்றை விளியில் எவ்வளவோ மறைத்துக்கொள்ளலாம். அவன் மறைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னான். "நல்ல கடை எதுன்னு நாலு பேர்கிட்ட விசாரிக்க நேரமில்லப்பா. விலை ஜாஸ்தியா இருந்தா நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னதைவிட, நான் சொன்ன பதில்தான் உறுத்திக்கொண்டிருந்தது. 'நல்லா இருந்துச்சுப்பா.' இதே குரலை நான் முன்னே கேட்டிருக்கிறேன்.

அவன் நாலாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டுவிழாவில் அவனுக்கு ஒரு பரிசு. நான் வங்கித் தணிக்கை வேலையாக வெளியூரில் இருந்தேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், வரவில்லை. அதற்கு ஈடாக ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு போனேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது எதுவென்று கேட்டு அதை வாங்கினேன். அவன் உயரத்துக்கு எது சரி, அவனுக்குப் பிடித்த நிறம் எது என்று யோசிக்கவில்லை. அவன் சைக்கிளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "நல்லா இருக்குப்பா" என்றான்.

விலையைப் பார்த்து நல்லதைத் தீர்மானிக்கிறவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நேரம் இருப்பவன் நாலு கடை ஏறி இறங்குவான், தொட்டுப் பார்ப்பான், கனம் பார்ப்பான், விசாரிப்பான். அன்பு இருந்தும் நேரம் இல்லாதவனுக்கு விலைச்சீட்டு ஒன்றுதான் வழிகாட்டி. நேரத்தால் தர வேண்டியதை அவன் பணத்தால் தர முயல்கிறான். கொடுக்கிற மனம் உண்மையானது. நீட்டுகிற நாணயம்தான் அந்த இடத்தில் செல்லுபடியாகாதது. இதை என் மகன் யாரிடம் கற்றான் என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அந்தச் சாற்றை நினைத்துக்கொண்டேன். கொம்பைத் தண்ணீரில் நெடுநேரம் ஊறப்போட்டு, மெல்லச் சூடேற்றி, கொதிக்கும் முன் வெளியே எடுத்தால்தான் சாறு தெளிவாக இறங்கும். அவசரப்படுத்தினால் கடற்பாசி வழவழப்பைத் தரும், ருசியைத் தராது. 1908இல் டோக்கியோவில் கிகுனாயே இகெதா என்ற வேதியியல் பேராசிரியர், இந்தக் கொம்புச் சாற்றின் ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கிலும் அடங்கவில்லையே என்று ஆராய்ந்து, அதற்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அது தூளாக விற்பனைக்கு வந்தது. நம் ஊர் மளிகைக் கடைகள் வரை வந்து சேர்ந்த அஜினோமோட்டோ அதுதான். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். கொம்பின் சத்தும், உலர்ந்த மீனிலோ காளானிலோ இருக்கும் சத்தும் ஒரே சாற்றில் சேர்ந்தால், ருசி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. பல மடங்காகப் பெருகுகிறது.

தனித்தனியாக நிற்கும் இரண்டு பொருள்களுக்கு ஒரே சட்டியும் கொஞ்ச நேரமும் கிடைத்தால் இது நடக்கும். நாங்கள் இருவரும் ஒரே சட்டியைச் சூழ்ந்துதான் உட்கார்ந்திருந்தோம். ஒருவன் வெளியே போனில். இன்னொருவன் உள்ளே, மனதுக்குள் யென்னை ரூபாயாக மாற்றிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேல்தட்டில் வேறெதையோ தேடும்போது ஒரு பெட்டி கையில் பட்டது. உள்ளே மூடியோடு ஒரு மண்சட்டி, காகிதம்கூடப் பிரிக்கவில்லை. கூட வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்தது என்றான். நான்கு வருடமாக மேல்தட்டிலேயே இருந்திருக்கிறது. இகா என்ற ஊரில் செய்த தோநாபே. அந்த ஊர் மண் ஒரு காலத்தில் ஏரியின் அடியில் கிடந்தது. அதில் புதைந்த செடிகொடிகள் சூளையில் எரிந்து போக, சட்டியெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அதனால் சூடு மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். அதே காரணத்தால் புதுச்சட்டியில் எடுத்தவுடன் சமைக்க முடியாது, கசியும்.

உள்ளே இருந்த தாளை மகன் படித்துச் சொன்னான். முதலில் அதில் கஞ்சி காய்ச்ச வேண்டும். தீ சிறியதாக இருக்க வேண்டும். அரிசியின் பசை துளைகளை அடைத்த பிறகு அடுப்பை அணைத்து, கஞ்சியோடு அப்படியே ஆற விட வேண்டும். ஆறும் வரை தொடக் கூடாது.

"இது ஆச்சி சட்டி பழக்குறது மாதிரில்ல இருக்கு" என்றான். ஆமாம். அரிசி கழுவிய தண்ணீரும் வடிகஞ்சியும் ஊற்றி என் அம்மா புதுச்சட்டியைப் பழக்குவாள். பழக்காத சட்டியில் குழம்பு வைக்க விடமாட்டாள். 'சட்டி நம்மோட பழகணும்ல' என்பாள். எங்கோ இருக்கிற இகாவிலும் அதே கஞ்சி, அதே காத்திருப்பு.

அரிசியைக் கழுவிப் போட்டு அடுப்பைச் சிறிதாக வைத்தோம். தீ கூடினால் சட்டி வெடித்துவிடும் என்பதால் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இருவருமே நின்றோம். கொஞ்ச நேரம் பேச்சு எதுவும் வரவில்லை. கஞ்சி மெல்லக் குமிழியிட ஆரம்பித்தது. கரண்டியால் கிளறிக்கொண்டே அவன் சொன்னான். "அந்த சைக்கிள் ஞாபகம் இருக்காப்பா? மாமாதான் ஓட்டக் கத்துக் குடுத்தாங்க. நீங்க பின்னால பிடிச்சுட்டு ஓடி வருவீங்கன்னு நான் ரொம்ப நாள் சீட்டைத் துடைச்சு வச்சிருந்தேன்."

இருபது வருடத்துக்கு மேலாக அவனிடம் இருந்த வாக்கியம் அது. மன்னிப்புக் கேட்கும் சொல் எனக்கு உடனே வரவில்லை. "வந்திருக்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையசைத்தான். கிளறுவதை நிறுத்தவில்லை. 29,040 யென் கொடுத்த மேசையில் இந்தப் பேச்சு எழவில்லை, எழுந்திருக்கவும் முடியாது. கஞ்சி குழைய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால்தான் அது எழுந்தது.

உலகத்தில் பெரும்பாலான பொருள்களுக்குப் பணத்தால் விலை சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு நேரம் ஒன்றுதான் விலை. அவற்றைப் பணம் கொடுத்து வாங்கப் போனால், சட்டியும் கிடைக்கும், நண்டும் கிடைக்கும், சாறு மட்டும் உள்ளே போய்விடும். அன்றைய உணவில் நான் ஏமாந்தது உண்மை. கடையும் ஏமாற்றியது. ஆனால் எந்தக் கடையாலும் விற்க முடியாத ஒன்றை நான் அங்கே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். சட்டியிலிருந்து நாம் எடுப்பதெல்லாம் நாம் அதில் இறக்கியவற்றின் ருசிதான். உட்காராதவருக்கு அது ஊறுவதில்லை.

கஞ்சியில் மண்வாசம் லேசாக இருந்தது. ஆறிய பிறகு உப்பும் மாவடுவும் தொட்டுக் குடித்தோம். அதிசயமான ருசி என்று சொல்ல முடியாது, கஞ்சி கஞ்சியாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால், அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியின் இருபுறமும் உட்கார்ந்திருந்தோம். அது ஆற எவ்வளவு நேரமாயிற்று என்று இருவருமே பார்க்கவில்லை.