சாமுவேலின் வீட்டில் என்ன பேசினார்கள்?



இன்றைய முதல் வாசகம் சாமுவேல் முதல் நூல் எட்டாம் அதிகாரம். ஆனால் நமக்கு வாசிக்கப்பட்டது நான்காம் வசனத்திலிருந்துதான். விட்டுப்போன மூன்று வசனங்களை வீட்டுக்குப் போய் திருவிவிலியத்தில் பாருங்கள். சாமுவேலுக்கு வயதாகிவிட்டது. தம் மகன்கள் யோவேலையும் அபியாவையும் நீதித் தலைவர்களாக அமர்த்துகிறார். பெயேர்செபாவில் இருந்த அந்த இருவரும் கையூட்டு வாங்கினார்கள், நீதியைப் புரட்டினார்கள். எங்களுக்கு ஓர் அரசர் வேண்டும் என்று இஸ்ரயேலின் பெரியவர்கள் இராமாவுக்கு, சாமுவேலிடம் கிளம்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வந்தவர்களிடம் சாமுவேல் எவ்வளவு விவரமாகப் பேசுகிறார்! அரசன் வந்தால் உங்கள் பையன்கள் அவன் தேருக்கு முன்னால் ஓடுவார்கள், பெண்பிள்ளைகள் அவன் அடுப்படியில் அப்பம் சுடுவார்கள், நல்ல வயலும் திராட்சைத் தோட்டமும் அவன் ஆட்களுக்குப் போகும், விளைச்சலில் பத்தில் ஒன்று போகும் என்கிறார். கேட்பதற்கு என்ன விலை என்று இப்படிப் பிட்டுப் பிட்டு வைக்கும் தலைவரை நம் மேடைகளில் நான் பார்த்ததில்லை.

ஊருக்கே சொன்னவர், சாப்பிட உட்கார்ந்தபோது மகன்களிடமும் இதைப் பேசினாரா? திருநூல் சொல்லவில்லை. நல்ல தகப்பனுக்கும் தறுதலைப் பிள்ளை வாய்ப்பதுண்டு, அவர்மேல் பழி போட வேண்டாம். ஆனால் சிறுவன் சாமுவேலைச் சுற்றி என்ன நடந்தது என்பது எழுதியிருக்கிறது. சீலோவில் குரு ஏலியின் மகன்கள், பலி இறைச்சி வேகும்போதே மூன்று முனைக் கரண்டியோடு ஆள் அனுப்பி, சட்டியில் குத்தி வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஏலி கண்டித்தார், ஆனால் தடுக்கவில்லை. அங்கே பணிசெய்த சின்னப் பையனுக்குக் கண் இல்லாமலா இருந்திருக்கும்?

“பிள்ளைங்க முன்னாடி அரசியல் பேசாதீங்க” என்கிறோம். சரி, பேசவில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி பட்டியலோடு இரண்டு பேர் வருகிறார்கள். “வீட்ல எத்தனை ஓட்டுக்கா?” அக்கா யோசிப்பதற்குள் ஆறாவது படிக்கும் பையன் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறான்: “ஆச்சியையும் சேத்து நாலு!” கவர் கைமாறுகிறது. கணக்கு, குடிமையியல், ஞானோபதேசம் மூன்று பாடமும் அவனுக்கு ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். செய்தி பார்க்கிற பிள்ளை ஒருநாள் கேட்கும்: “நம்மளும் வாங்குனோமாப்பா?” அப்போது டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். வாங்கியிருந்தால் வாங்கினோம் என்று சொல்லுங்கள். வட்டி கட்டத்தான் வாங்கினோம் என்றால் அதையும் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால், எல்லாரும்தானே வாங்குகிறார்கள் என்று தெரு சொல்லிக்கொடுத்துவிடும்.

பிறகு சாமுவேலைப் போல விவரமாகப் பேசுங்கள். ஒரு கட்சி ஒன்றைத் தருகிறேன் என்றால், அது யாருக்குப் போகும், பணம் எங்கிருந்து வரும், போன முறை சொன்னது நடந்ததா என்று பிள்ளையையே கேட்க வையுங்கள். இலவசம் என்றாலே ஏளனம் செய்யச் சொல்லவில்லை. சத்துணவு சாப்பிட்டுப் படித்து வந்தவர்கள் இந்தக் கோயிலிலேயே எத்தனை பேர்!

நம் நாட்டில் 1989 முதல் 18 வயதில் ஓட்டு. மகள் வேறு கட்சியைச் சொன்னால் பல அப்பாக்களுக்கு முகம் சிவந்துவிடுகிறது. மக்களின் கோரிக்கை சாமுவேலுக்கும் கசந்தது. ஆனாலும் முழுவதும் கேட்டார், ஆண்டவரிடம் கொண்டுபோனார், மக்கள் சொல்வதற்குச் செவிகொடு என்ற பதிலோடு திரும்பினார். நீங்களும் மகள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். எந்தப் பட்டனை அழுத்தினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அப்பாவுக்கும் ரகசியம்தான்.

இன்னொன்று. விவாத நிகழ்ச்சி பார்த்துக்கொண்டே ஒரு சாதியை, ஒரு மதத்தைச் சொல்லித் திட்டுகிறோம். அந்தச் சாதிப் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நாளை காலை அந்த வார்த்தையும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

முதிர்ந்த வயதில் சாமுவேல் எல்லார் முன்னாலும் நின்று கேட்கிறார்: யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் லஞ்சம் வாங்கினேன்? இல்லை என்றார்கள் மக்கள். என் மகன்கள் உங்களோடு இருக்கிறார்கள் என்று அதே பேச்சில் அவரே குறிப்பிடுகிறார். மகன்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதப்படவில்லை.

இனி மன்றாட்டு. இன்று நம் பிள்ளைகளே எழுதி வாசிக்கிறார்கள். தொகுதியில் நிற்கப்போகும் எல்லா வேட்பாளர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காதவரும் அதில் உண்டு. பதிலைச் சத்தமாகச் சொல்லுங்கள்.