கருவியும் கண்ணியமும்

திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. சிங்கப்பூர் சென்ற கடையநல்லூர் மக்கள் 1941ஆம் ஆண்டிலேயே அங்குத் தமக்கெனச் சங்கம் கண்டவர்கள். 1973க்குப் பின் எண்ணெய் வளம் பெருகிய வளைகுடா நாடுகள் மேலப்பாளையத்தையும் தென்காசியையும் அழைத்தன. முதலில் ஆண்கள் தனியே போயினர். பின்னர் மனைவியர் போயினர். இன்று மகளின் பேறுகாலம் பார்க்க உம்மாவும் விமானம் ஏறுகிறார்.

அங்கே அவரை எதிர்கொள்வது ஒரு புதிய அடுக்களை. தீயின் சுடரைக் கண்ணால் அளந்தே சமைத்துப் பழகியவர் அவர். அங்கோ, சுடரே இல்லாத கண்ணாடி அடுப்பு. அணைத்த பின்னும் அதில் சூடு தங்கியிருக்கும். பாலை இறக்காவிட்டால் பொங்கி வழியும். கடுகு தாளித்த புகைக்குக் கூரையில் உள்ள அபாயமணி அலறும். சலவை எந்திரத்தின் கதவோ, வேலை முடியும் வரை திறவாது. இவற்றினிடையே அவர் பெரிதும் அஞ்சுவது மின்சாரத்துக்கு அன்று, “இதுகூடத் தெரியாதா உம்மா?” என்னும் ஒரு சொல்லுக்கே.

ஒரு பொருளை இயக்கத் தெரியாமை ஒருவரைத் தாழ்த்துமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

அறிவு என்பது இடத்தோடு பிணைந்தது. தறியின் மிதியையும் நாடாவையும் ஒத்திசைத்து நெய்யும் மேலப்பாளையத்து நெசவாளர் முன், பட்டம் பல பெற்ற பொறியாளரும் கற்றுக்குட்டியே. அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் தாங்கிய கடையநல்லூர்ப் பெண்கள் சிங்கப்பூரில் வாழ்ந்ததுண்டு. அவர்களது கைப்பக்குவத்தை எந்தப் பொத்தான் தரும்?

எந்திரங்களின் கதையும் இதையே உணர்த்துகிறது. பம்பாயில் வாழ்ந்த சத்தியப் பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் ஜெர்மனி நாட்டு மிக்சி ஒன்று இருந்தது. நம் நாட்டுச் சமையலின் கடின அரைப்பைத் தாங்காமல் அதன் மோட்டார் பழுதாயிற்று. அதன் விளைவாக 1963இல் அவர் உருவாக்கியதே ‘சுமீத்’ மிக்சி. அதற்கு முன்னரே, 1955இல், கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்விசையால் சுழலச் செய்திருந்தார். அயல்நாட்டு எந்திரம் நம் மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் தோற்றபோது அதை எவரும் அறிவிலி என்று நகைக்கவில்லை. நம் சமையலுக்கென அமைந்ததன்று என்றே கருதினோம். எந்திரத்துக்குக் காட்டிய அந்தப் பொறுமையை ஈன்றெடுத்த தாய்க்குக் காட்ட மறுப்பது நீதியாகுமா?

தவிரவும், இயக்கும் அறிவு வேறு. அளவறியும் அறிவு வேறு. வளைகுடா நாடுகளில் வீட்டுக் குழாயில் வரும் நீரின் பெரும்பகுதி, எரிபொருளைச் செலவிட்டுக் கடல்நீரிலிருந்து உப்பகற்றிப் பெறப்படுவது. இரண்டு சட்டைகளுக்காகச் சலவை எந்திரத்தை ஓடவிடும் இளையவருக்கு அதன் பொத்தான்கள் எல்லாம் தெரியும். அதன் விலை தெரியாது. ஓடும் ஆற்றின் அருகே ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிவழியைப் பொருநைக் கரையில் கற்று வந்த மூதாட்டிக்கோ, பொத்தான் தெரியாது, அளவு தெரியும். இவ்விருவருள் எவர் எவரிடம் கற்க வேண்டும்? இருவரும் இருவரிடமும் கற்க வேண்டும் என்பதே நம் விடை.

கேட்பதற்கு நாணுதல் கற்பவருக்கு அழகன்று. சூடான அடுப்பின் மீது கை வைத்த பின் அறிவதைவிட, முன்னரே ஒரு வார்த்தை கேட்டறிவது மேல். ஆயினும் அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவது வீட்டாரின் முகமலர்ச்சியே. நாம் தத்தித் தத்தி நடை பயின்றபோது எத்தனை முறை விழுந்தோம் என்று அவர் கணக்கெழுதி வைக்கவில்லை.

ஆதலால், வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள், உம்மா வந்திறங்கும் முதல் நாளில் ஒருமணி நேரம் ஒதுக்கட்டும். அடுப்பையும் குழாயையும் சலவை எந்திரத்தையும் அவர் கையாலேயே இயக்கச் செய்து காட்டட்டும். மறுநாள் அவர் மீண்டும் கேட்டால், முதன்முறை கேட்டதாகவே எண்ணி மறுமொழி கூறட்டும்.